கண் எழுதிய மத்தியானம்

கல் வந்து விழுந்தபோது மணி நாலேகால் இருக்கும். மழை பெய்து ஓய்ந்து, வெயில் எட்டிப் பார்த்த நேரம். ஈரச் சாலை முழுக்க மினுங்கிக்கொண்டிருந்தது. கால்வாயை ஒட்டிப் போகும் அந்தச் சாலையில் ஓட்டுநர் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். எங்கே பள்ளம், எங்கே நாய் குறுக்கே வரும் என்பதெல்லாம் அவர் காலுக்கே தெரியும். சாலைக்கு மேலே ஒரு நடைபாலம். அதன் கைப்பிடியில் மூன்று பிள்ளைகள் சாய்ந்து நின்றதை அவர் பார்த்தார். பார்த்ததோடு சரி. பிள்ளைகள் அங்கே நிற்பதும், சில நாள் கையாட்டுவதும், பேருந்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும்வரை கத்துவதும் வழக்கம்தான்.

முன்கண்ணாடி மொத்தமும் ஒரே நொடியில் வெள்ளையாகிவிட்டது. சத்தம் எதுவும் கேட்டதாக அவருக்குப் பிறகு ஞாபகமில்லை. ஏதோ வெதுவெதுப்பாகக் கன்னத்தில் இறங்கியது மட்டும் தெரிந்தது. அவர் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முகத்தில் கை வைத்தார். உள்ளே நாற்பத்து மூன்று பேர். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவின் கையில் இருந்த தண்ணீர் பாட்டில்கூடக் கீழே விழவில்லை என்று நடத்துநர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குப் பணிமனையில் ‘வானொலி’ என்று பெயர். ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும்.

இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் ஓட்டுநர் ஒன்றைக் கவனித்தார். கண் இல்லாத அந்தப் பக்கம் இருட்டாக இல்லை. கட்டுக்குள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்தது. முதலில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு தண்ணீர் மெல்ல அசைந்தது. பிறகு அதன்மேல் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மிதந்து வந்தன. ஒரு நாள் குடை பிடித்த ஆட்கள், விரல் உயரம்கூட இல்லாதவர்கள், வரிசையாக நடந்து போனார்கள். ஒருவரும் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் சொன்னார்.

"பயப்படாதீங்க. மூளைக்கு அந்தக் கண்ணுலேருந்து சேதி வர்றது நின்னு போச்சு. அதால சும்மா இருக்க முடியல. தானே படம் போட்டுக்குது" என்றார் டாக்டர். "போகப் போகக் கொறஞ்சிடும்."

அன்றிலிருந்து ஓட்டுநர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மனைவியிடமும்கூட. பகலில் படுத்துக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிச் சீருடைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் தையல் மிஷின் வைத்துச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஊசி ஏறி இறங்கும் வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

"பதினாலு வயசாம். பொண்ணாம். மத்த ரெண்டும் ஓடிப்போச்சாம், இது மட்டும் அங்கேயே நின்னுக்கிட்டிருந்துச்சாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!" என்றாள்.

ஓட்டுநர், பதினான்கு வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று யோசித்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சரியாகத் தெரியவில்லை.

ஒற்றைக் கண்ணோடு பேருந்து ஓட்ட முடியாது. அதனால் பணிமனையில் தொலைந்த பொருட்கள் அறைக்கு அவரை மாற்றினார்கள். பயணிகள் மறந்து விட்டுப்போவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். மத்தியானத்தில் அதன் வழியே இறங்கும் வெயிலில் தூசு மிதந்துகொண்டிருக்கும். கம்பியில் வரிசையாகத் தொங்கும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல் செட், யாரோ ஒருவருடைய ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒருவர் எப்படி இறங்கி நடந்து போயிருப்பார் என்று அவர் அடிக்கடி யோசிப்பார்.

முதல் நாள் வானொலிதான் அவரை அங்கே கொண்டுவந்து விட்டார். "அண்ணே, திருட்டுப் பசங்க வருவாங்க. எல்லாத்து மேலயும் ஒரு கண்ணு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதத்தானேடா வச்சிருக்கேன்" என்றார் ஓட்டுநர். இரண்டு பேரும் சிரித்தார்கள். வானொலி சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டார்.

அந்தப் பருவத்தில் மட்டும் பன்னிரண்டு பேருந்துகளின் கண்ணாடி உடைந்திருந்தது. எறிந்தவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். பிடித்தால் இரண்டு அறை, ஒரு எச்சரிக்கை, வீட்டுக்கு அனுப்பு என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு கண் போயிருக்கிறது. தொழிலாளர் சங்கத்தார் பணிமனை வாசலில் கூட்டம் போட்டார்கள். பெரியவர்களை விசாரிப்பது போலவே விசாரித்து, பெரியவர்களுக்குக் கொடுக்கும் தண்டனையையே கொடுக்க வேண்டும் என்று பேசினார்கள். ஓட்டுநரை மேடையில் உட்காரவைத்தார்கள். பின்னால் ஆளுயரப் பதாகை. அதில் கட்டுப்போட்ட அவர் முகம். இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். யாரோ தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி இருந்தது.

இளைய ஓட்டுநர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எனக்கு இப்ப பாலத்தப் பாத்தாலே கை நடுங்குது. நாளைக்கு என் மூஞ்சியில விழும். எதாவது செய்யணும்ணே." அந்த நடுக்கம் பொய் இல்லை. பிடித்த கையில் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் தொலைந்த பொருட்கள் அறைக்கு வந்தார். தோளில் கனத்த பை, கையில் கோப்பு, வெயிலில் நடந்து வந்த முகம். குடையைத் தேடி வந்தவர் என்று நினைத்து, "என்ன கலர்ம்மா?" என்றார் ஓட்டுநர்.

"நான் எதையும் தொலைக்கலங்க" என்றார் அவர். "சிறுவர்களுக்கான நன்னடத்தை அதிகாரி. அந்தப் பொண்ணு விஷயமா வந்திருக்கேன்."

ஓட்டுநர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதிகாரி உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் பேசினார். அடுத்த வாரம் சிறுவர் மன்றத்தில் விசாரணை. சீர்திருத்த இல்லத்துக்கு மூன்று வருடம் அனுப்பலாம். அல்லது கண்காணிப்போடு வீட்டிலேயே விடலாம். பாதிக்கப்பட்டவர் என்ன நினைக்கிறார் என்று மன்றம் கேட்கும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"இல்லத்துக்குப் போனா கெட்டுப்போகும்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்க நல்லவங்க இருக்காங்க. ஆனா மூணு வருஷத்துல அந்தப் பொண்ணுக்கு உங்க மொகம் மறந்துடும். கல் மறந்துடும். கதவும் பூட்டும்தான் ஞாபகத்துல நிக்கும். யாரோ தனக்கு அநியாயம் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு வெளிய வரும். எத்தனையோ பேரப் பாத்துட்டேன்."

"அப்போ சும்மா விட்டுடணுமா?"

"சும்மா விடுறதும் தப்புதாங்க. அதையும் நெறைய பாத்துட்டேன்." அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நடுவுல எதாவது வழி இருக்குமான்னுதான் நடையா நடக்கிறேன்."

பிறகு அந்தப் பெண்ணின் வீட்டைப் பற்றிச் சொன்னார். ஒரே அறை. அம்மா செத்து நாலு வருடம். அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. பகல் முழுக்க அவர் தூங்க வேண்டும். அதனால் அந்தப் பெண் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பாள். குழாயின் வாயில் துணி சுற்றி வைத்திருப்பாள். தட்டில் கரண்டி படாமல் சாப்பிடுவாள். பள்ளிக்கூடம் போவதை எப்போது நிறுத்தினாள் என்பது அப்பாவுக்கே தெரியாது. அவர் கண்விழிக்கும்போது அவள் எப்போதும் வீட்டில் இருப்பாள்.

"அதுக்காகக் கல்லெறியலாமா?" என்றார் ஓட்டுநர்.

"கூடாதுங்க" என்றார் அதிகாரி.

விசாரணை நடந்தது ஒரு சாதாரண அறையில். நீள மேஜை, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே கறமுற என்று சுற்றும் மின்விசிறி. ஜலதோஷம் பிடித்த நீதிபதி நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண் எதிரே இருந்தாள். ஓட்டுநர் மனதில் இருந்தது வேறு ஒருத்தி. உயரமாக, முறைத்த பார்வையோடு. இவள் ஒல்லியாக இருந்தாள். நாற்காலியை இழுக்கும்போது சத்தம் வராமல் இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினாள். பக்கத்தில் அவள் அப்பா, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தூக்கம் கலைந்த கண்கள் சிவந்து கிடந்தன.

"மன்னிப்புக் கேக்கணும்னு எதாவது இருக்காம்மா?" என்றார் நீதிபதி.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அப்பா முழங்கையால் இடித்தார். ஒன்றும் வரவில்லை.

ஓட்டுநருக்குக் கோபம் குபுகுபு என்று ஏறியது. "ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஏன் எறிஞ்சே?"

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, கேட்கும் கேட்காததுமாகச் சொன்னாள். "என்ன ஆகும்னு பாக்கத்தான்."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். இதைத்தான் சொல்லிவிடாதே என்று அவர் வேண்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சரி" என்றார் ஓட்டுநர். "என்ன ஆகும்னு பாக்கணும், அவ்ளோதானே? அப்போ வந்து பாக்கட்டும். வர்ற வாரம் எனக்குப் பொய்க்கண்ணு செய்யப் போறாங்க. அங்க வரட்டும். கட்ட அவுத்தா உள்ள என்ன இருக்குன்னு பாக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க எங்க வேணா அனுப்புங்க."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பதினான்கு வயதுப் பிள்ளையை அப்படி ஒரு காட்சிக்கு ஆளாக்குவது தண்டனைக்கு மேல் தண்டனை, அதற்குத் தான் உத்தரவிட முடியாது என்று சொல்ல ஆரம்பித்தார்.

"நான் வரேன்" என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டாள். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அவ வர்ற எடத்துக்கு நான் வர மாட்டேன்."

"வர வேண்டாம்."

"அவ பாத்துட்டு மயங்கி விழுந்தா சந்தோஷப்படுவீங்களா?"

சந்தோஷப்படுவேன் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது வெட்கமாகவும் இருந்தது. அன்று அந்த இடது பக்கத்துத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. வெளிச்சம் ஒன்றையும் காணோம்.

கண் செய்யும் அம்மாவின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல். விளக்குப் போடவே மாட்டாராம், பகல் வெளிச்சத்தில்தான் நிறம் பொய் சொல்லாது என்பார். நாற்பது வயதிருக்கும், சோடாப்புட்டிக் கண்ணாடி, பெரிய சிரிப்பு. அலமாரியின் தட்டையான இழுப்பறைகளைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கண்கள். பழுப்பு, கறுப்பு, சாம்பல், தேன் நிறம். எல்லாம் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தன. ஓட்டுநருக்குத் தன் கனவொன்றுக்குள் தானே நடந்து வந்துவிட்டது போலிருந்தது.

பெண்ணும் அவள் அப்பாவும் அதிகாரியோடு வந்தார்கள். அப்பா இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். மூலையில் இருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தவர், ஐந்து நிமிடத்தில் தலை தொங்கித் தூங்கிவிட்டார். அதிகாரிக்கு ஏதோ தொலைபேசி வந்தது, வெளியே போனார்.

அம்மா ஓட்டுநரின் முகத்தில் இருந்த கட்டை அவிழ்த்தார். அந்த நொடி வந்ததும் ஓட்டுநர் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. ‘பாரு’ என்று சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தார். ஆனால் கழுத்து தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. உடுப்பில்லாமல் நிற்பது போல் கூச்சம். கண்ணாடியில்கூட அவர் இன்னும் அந்த இடத்தை முழுசாகப் பார்த்ததில்லை.

"சார், இந்தப் பக்கம் திரும்புங்க. நான் யாருக்கு வேலை செய்யுறது, செவுத்துக்கா?" என்றார் அம்மா.

அவர் திரும்பினார். பெண் ஜன்னலோரம் நின்றிருந்தாள். பார்த்தாள். முகம் வெளுத்தது. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பார்வையை விலக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே தெருவில் யாரோ ஒரு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை. நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புத் தகட்டை எடுத்து, நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையால் அதன்மேல் நிறம் ஏற்ற ஆரம்பித்தார். மையத்திலிருந்து வெளியே, வெளியிலிருந்து மையத்துக்கு, கோடு கோடாக. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விடுவார். தண்ணீருக்கு அடியில் அந்த நிறம் திடீரென்று உயிர் வந்தது போல் ஆழமாகும். அந்தச் சொட்டைப் பார்க்கப் பார்க்க ஓட்டுநருக்கு உடம்பு லேசானது. காலம் எங்கேயோ கால்நீட்டிப் படுத்துவிட்டது போலிருந்தது.

ஒரு மணி நேரம் போனது. அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஒரே நெறத்த ரொம்ப நேரம் பாத்தா என் கண்ணே என்ன ஏமாத்தும். வேற கண்ணு வேணும். ஏம்மா, நீ வா. அப்பா கண்ண பொண்ணு பாக்காம வேற யாரு பாக்குறது? கிட்ட வந்து இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் பாத்துச் சொல்லு, எது கொறயுதுன்னு."

யாரும் நகரவில்லை. ஓட்டுநர் திருத்த வாயெடுத்தார். அதற்குள் பெண் பேசினாள்.

"நான் அவர் பொண்ணு இல்ல." எச்சிலை விழுங்கினாள். "நான்தான் கல்லெறிஞ்சேன்."

அம்மாவின் தூரிகை காற்றில் நின்றது. அவர் பெண்ணைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், மூலையில் வாய் திறந்து தூங்கும் மனிதரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி" என்றார். "வெளிச்சத்த மறைக்காம அந்தப் பக்கம் நில்லு. பாத்துச் சொல்லு."

பெண் வந்து ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கண்ணுக்குள் பார்த்தாள். அவ்வளவு அருகில் யாரும் அவர் கண்ணை அப்படிப் பார்த்ததில்லை. டாக்டர்கள் பார்த்தது வேறு. அவருக்குக் கண்ணைச் சிமிட்டக்கூட பயமாக இருந்தது. அவளுடைய கண்ணில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் தன்னுடைய தலை சின்னதாகத் தெரிந்தது.

"நடுவுல கறுப்பு இருக்குல்ல" என்றாள் அவள் மெல்ல. "அதச் சுத்தி கொஞ்சம் மஞ்சள் இருக்கு. சுத்தி முழுக்க இல்ல. கீழ்ப்பக்கம் மட்டும். நீங்க போட்டதுல அது இல்ல."

அம்மா குனிந்து பார்த்தார். "அட ஆமா! எனக்குத் தப்பிப்போச்சே" என்று மஞ்சளைத் தொட்டார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். ரொம்ப வேண்டாம்."

இப்படியே போனது. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு பார்வை, ஒரு கோடு. வெள்ளைப் பாகத்துக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து மயிரிழையாக ஒட்டினார் அம்மா, நரம்புகளுக்காக. அதில் ஒன்று கிளை பிரிந்து போவதையும் பெண்தான் காட்டினாள்.

நடுவில் ஒருமுறை அம்மா நிறம் கலக்கத் திரும்பியபோது, அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்தச் சத்தம் அவ்ளோ பெருசா வரும்னு நெனக்கல."

"எனக்குச் சத்தமே கேக்கல" என்றார் ஓட்டுநர்.

"கண்ணாடி மொத்தமும் வெள்ளையாச்சு. பஸ்ஸு கால்வாய்க்குள்ள விழுந்துடும்னு நெனச்சேன். ஆனா விழல. மெதுவா ஓரமா போய் நின்னுச்சு. கதவு தொறந்துச்சு. எல்லாரும் எறங்கினாங்க." மூச்சு வாங்கினாள். "நீங்க எறங்கி வருவீங்கன்னு நின்னேன். அடிப்பீங்கன்னு. நீங்க மட்டும் வரவே இல்ல."

ஓட்டுநர் அவளைப் பார்த்தார். எல்லோரும் நெஞ்சழுத்தம் என்று சொன்ன அந்த நிற்றல், அவருக்காகக் காத்திருந்ததுதானா? பாலத்தின்மேல் தனியாக ஒரு பிள்ளை, தான் செய்தது யாருக்கு என்று தெரிந்துகொள்ள நின்றிருக்கிறது. இவர் வரவில்லை. போலீஸ் வந்திருக்கிறது.

"வர முடியலம்மா" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் அழுதாள். அழும்போதும் சத்தம் வரவில்லை; அதைக்கூட அவள் பழகியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. மூலையில் அவள் அப்பா ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் மறுபக்கம் சாய்ந்துகொண்டார். "சத்தமா அழு. அவர் எழுந்தா எழட்டும்" என்றார் ஓட்டுநர். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு விக்கல் போல் சத்தம் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அப்பா திடுக்கிட்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தார். மகள் அழுவதைப் பார்த்ததும் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவருக்கு.

சாயங்காலத்துக்குள் கண் கொதிநீரில் வெந்து கெட்டியாகி, மெருகேறி, ஓட்டுநரின் முகத்தில் உட்கார்ந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். எது பொய் என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை.

மன்றத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அனுப்பாதீங்க. இங்கயே இருக்கட்டும். ஆனா யாராவது அவ மேல கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். கல்லெறிஞ்ச அன்னைக்குத்தான் அப்படி ஒரு பொண்ணு இருக்கிறதே நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சுது. அது நல்லா இல்ல."

நீதிபதி ஒரு வருடக் கண்காணிப்பு என்று உத்தரவிட்டார். பள்ளிக்கூடம் கட்டாயம். வாரம் ஒருமுறை அதிகாரி வீட்டுக்குப் போவார். மற்ற இரண்டு பிள்ளைகளையும் தேடிப் பிடித்து அதே மாதிரி பெற்றோரோடு உட்காரவைத்துப் பேச வேண்டும். அப்பாவுக்குப் பகல் வேலை கிடைக்க அதிகாரி படியேறாத கிடங்கு இல்லை. நாலு மாதம் ஆனது. கிடைத்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. சங்கத்தில் பாதிப் பேர் ஓட்டுநரோடு பேசுவதை நிறுத்தினார்கள். கை நடுங்கிய அந்த இளைய ஓட்டுநர் அவரைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார். அதுதான் அவருக்கு மிகவும் வலித்தது. நடைபாலத்துக்குக் கம்பிவலை போடும்வரை இன்னும் மூன்று கண்ணாடிகள் உடைந்தன. அந்தப் பெண்ணும் இரண்டு முறை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொண்டாள். வானொலி மட்டும் ஓயாமல் எல்லோரிடமும் வாதாடினார். "கண்ணு போனது அண்ணனுக்கு. அவரே சொல்றாரு. உனக்கென்னய்யா எரியுது?"

மனைவி ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "நீங்க மன்னிச்சிட்டீங்க. சரி. என்ன அவசரப்படுத்தாதீங்க."

"நான் மன்னிச்சேனான்னு எனக்கே தெரியல" என்றார் அவர். உண்மையும் அதுதான். படியில் இறங்கும்போது தடுமாறினால் இன்னும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு இப்போது ஒரு முகம் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து மஞ்சளைத் தேடும் முகம். அதன்மேல் ரொம்ப நேரம் கோபப்பட முடியவில்லை. இடது பக்கத்துத் தண்ணீரும் மெல்ல மெல்ல வற்றிவிட்டது. குடை பிடித்த ஆட்கள் கடைசியாக ஒருநாள் மத்தியானம் போனார்கள். அவர்கள் போனது அவருக்குக் கொஞ்சம் ஏக்கமாகவே இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை பொய்க்கண்ணுக்கு மெருகு போட வேண்டும். மறு வருடம் அவர் கிளம்பியபோது மனைவி மிஷினை மூடிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் மாடி ஏறும்போது ஓட்டுநருக்கு ஒரு சின்ன எதிர்பார்ப்பு. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்காணிப்புக் காலம் போன வாரமே முடிந்துவிட்டது. யாரும் வரச் சொல்லவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. தன் அசட்டுத்தனத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

"எங்க அந்த மஞ்சள் கண்டுபிடிச்ச பொண்ணு?" என்றார் கண் செய்யும் அம்மா.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமையாச்சே" என்றார் ஓட்டுநர். "பள்ளிக்கூடத்துல இருக்கும்."

அதைச் சொன்னபோது அவருக்கு ஏனோ நன்றாக இருந்தது. மனைவி அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அம்மா கண்ணை எடுத்துக் கழுவி, சுழலும் மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தார். அறை முழுக்க ஒரு மெல்லிய ரீங்காரம். ஜன்னல்களில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. முடிந்ததும் அதைத் துடைத்து ஓட்டுநரிடம் நீட்டினார். குறுக்கே மனைவியின் கை நீண்டது.

"இங்க குடுங்க" என்றாள். இந்த ஒரு வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. உள்ளங்கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"சூடா இருக்கே" என்றாள். "இவ்ளோ லேசாவா இருக்கும்?"

அவள் அதைத் திருப்பிக் கொடுக்க வெகு நேரமானது. ஓட்டுநர் அவசரப்படுத்தவில்லை.